ஆற்றோடு போன வீடு

சுரங்கத்தின் கழிவு அணை உடைந்த அன்று மதியம், தையல்காரியின் வீடு ஓடு ஒன்றுகூடச் சரியாமல், அடுப்பில் உலை கொதித்தபடியே ஆற்றில் இறங்கி, பக்கத்து மாவட்டத்துச் சோளக்கொல்லை ஒன்றின் நடுவில் போய் நின்றது. வீட்டுக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். தையல்காரி கால்மிஷினில் தலையணை உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மாமியார் கொல்லைப்புறத்தில் துணி காயப்போட்டுவிட்டு அப்போதுதான் உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டிருந்தார். முதலில் மிஷின் தானாகச் சுவர்ப்பக்கம் நகர்ந்தது. பிறகு ஜன்னலில் தெரிந்த எதிர்வீடு காணாமல் போனது. எதிர்வீட்டுக்காரர்கள், அவர்களுடைய மாடு, தெருவிளக்கு, பள்ளிக்கூடத்து மதில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் காணாமல் போயின. மாமியார் ஓடிப்போய்ப் பழந்துணியைச் சுற்றி உலைப்பானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கொட்டிவிடுமே என்றுதான் பயந்ததாகப் பிற்பாடு சொன்னார். வேறு எதற்குப் பயப்படுவது என்று அந்த நேரத்தில் தோன்றவில்லையாம். ஆட்டம் நின்றபின் கதவைத் திறந்தால், வாசற்படிக்குச் சரிமட்டமாகச் சாம்பலும் சிவப்பும் கலந்த சேறு பரந்து கிடந்தது. அதற்கு அப்பால் கொல்லைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். அன்று ஆற்றில் வந்த வீடுகளில் வீடாக வந்தது அது ஒன்றுதான். மற்றவை கதவாக, உத்தரமாக, தண்ணீர்த் தொட்டியாகப் பிரிந்து பிரிந்து வந்தன.

அணையை நிறுவனம் அணை என்று சொன்னதில்லை. குளம் என்றே சொன்னது, அதனால் ஊரும் குளம் என்றே சொன்னது. மலையை வெட்டி, அரைத்து, கழுவி, வேண்டியதை எடுத்துக்கொண்டபின் மிஞ்சும் சேற்றைக் குழாய்வழி கொண்டுவந்து பள்ளத்தாக்கில் நிரப்பினார்கள். நிரம்பி வரும்போதெல்லாம் அதே சேற்றை உலர்த்திக் கரையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்கள். சேற்றுக்குச் சேறே காவல். தையல்காரியின் கணவன் அங்கே பம்புக்காரன். குளத்தின்மேல் தேங்கும் தண்ணீரை இறைத்து வெளியேற்றுவது அவன் வேலை. கரையின் அடியில் கசிவு இருந்தது ரகசியமில்லை. பம்புக்காரனுக்குத் தெரியும், மேஸ்திரிக்குத் தெரியும், எப்போதாவது வெள்ளைக் காரில் வந்து கரைமேல் நடந்துவிட்டுப் போகிறவர்களுக்கும் தெரியும். அந்த ஈரத்தில் கோடையிலும் புல் பச்சையாக இருந்ததால் ஆடுகளுக்கும் தெரியும். தன் அண்ணன் இருக்கிற நகரத்துக்குப் போய்விடலாம் என்று அவள் நச்சரித்துக்கொண்டுதான் இருந்தாள். இந்த மழை போகட்டும் என்பான் அவன். மழை போனால் வெயில் தாழட்டும் என்பான். கல்தூசி ஏறிய நெஞ்சு அவனுக்கு. எந்தப் பேச்சும் இருமலில்தான் போய் முடியும். பெண்டாட்டி வாயிலிருந்து தப்பிக்கவே பாதி இருமல் என்பது அவள் கட்சி. உடைந்த அன்று அபாயச் சங்கு ஊதவில்லை. சங்கு வைத்திருந்த கொட்டகைதான் முதலில் போனது, அடுத்தது பம்புக் கொட்டகை.

தேடும் படையினர் மஞ்சள் தொப்பியும் நீளக் கம்புமாக வந்தார்கள். கிடைத்தவர்களை உறவுக்காரர்களிடம் கொடுத்தார்கள். சிலரை ஒரே தடவையில் கொடுக்க முடியவில்லை, பல தடவைகளில் கொடுத்தார்கள். பம்புக்காரன் கிடைக்கவில்லை. அந்த முதல் வாரத்தில் ஒரு மத்தியானம் மாமியார் தரையில் ஒருக்களித்துப் படுத்தவர், காதைத் தரையோடு வைத்தபடி அப்படியே கிடந்தார். தையல்காரி பயந்துபோய்த் தொட்டு எழுப்பினாள். அவர் கையைத் தட்டிவிட்டார்.

"இங்கதான் இருக்கான். நமக்குக் கீழே. இருமுறான் பாரு, கேக்கலை?"

தையல்காரி கேட்கவில்லை என்றாள். மாமியார் அதற்குமேல் அவளிடம் பேசாமல் நேரே படையினரிடம் போய்ச் சொன்னார். அவர்கள் நல்ல பிள்ளைகள், சலித்துக்கொள்ளாமல் வீட்டுக்கு அடியில் தோண்டினார்கள். ஆள் உயரத்துக்குத் தோண்டினார்கள், பிறகு இன்னொரு ஆள் உயரத்துக்கு. அடியில் ஒன்றுமே இல்லாமல் வீடு பாட்டுக்கு நின்றது, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அந்த வாரம் பெரிதாக எடுத்துக்கொள்ள எவ்வளவோ இருந்தது. மோப்ப நாய் பள்ளத்தில் இறங்கி, மோந்து, வாலை ஆட்டி, அங்கேயே படுத்துக்கொண்டது. தூக்கித்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. தோண்டத் தோண்ட இருமல் கீழே போகிறது என்றார் மாமியார். மறுநாள் பள்ளத்தில் சேறு தானே ஊறி நிரம்பிவிட்டது. தேடுதல் முடிந்தது என்று அறிவித்தபோது, மகன் இறந்ததாகக் கையெழுத்துக் கேட்டு ஓர் அதிகாரி வந்தார்.

"ஆள் வீட்டுலதான் இருக்கான். போய்ச் சேந்துட்டான்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?" என்று மாமியார் கேட்டார். அதிகாரி தொப்பியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு போனார்.

வீடு அங்கேயே நின்றுவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒரு மாதம் கழித்து, வாசலுக்கு முன்னால் இருந்த தன் எல்லைக்கல் அடுக்களைக்குப் பின்னால் இருப்பதைக் கொல்லைக்காரர் பார்த்தார். கல்லை யாரோ நகர்த்திவிட்டதாகச் சந்தேகப்பட்டுப் பக்கத்துக் கொல்லைக்காரரோடு சண்டைக்கும் போய்விட்டார். பிறகுதான் வீடு நடக்கிறது என்று தெரிந்தது. நாளுக்கு ஒரு முழம், மழை பெய்தால் கொஞ்சம் கூடுதல், வெள்ளம் வந்தால் ஒரே ராத்திரியில் ஓர் ஊர் தாண்டி, ஆறு போகும் பக்கமாக. மற்ற இடங்களில் சேறு இறுகிக் கெட்டியாகிவிட்டது, அதன்மேல் ஆட்கள் சைக்கிள் ஓட்டினார்கள். அந்த வீட்டைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் ஈரமாகவே இருந்து, வீட்டோடு சேர்ந்து நகர்ந்தது. கொல்லைக்காரர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். லைன்மேன் ஒரு கம்பி இழுத்து விளக்குப் போட்டுக் கொடுத்தார். கம்பி இழுபட இழுபட நீளம் சேர்த்தார். அவர் எல்லை முடிந்ததும் அடுத்த லைன்மேனிடம் சொல்லிவிட்டுப் போனார். தபால்காரர்களும் அப்படியே கைமாற்றிக்கொண்டார்கள்.

மேட்டில் நிறுவனம் புதுக் குடியிருப்பு கட்டியது. வீடு இழந்தவர்களுக்கு வீடு. தையல்காரி போய் வரிசையில் நின்றாள். உன் வீடு இருக்கிறதே அம்மா, கண்ணாடிகூட உடையவில்லையே என்றார்கள். வீடு இருக்கிறது, நின்ற இடத்தில் இல்லை என்றாள். அப்படியானால் இப்போது எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அங்கே போய்க் கேள் என்றார்கள். அங்கே போனால், சேறு எந்த மாவட்டத்திலிருந்து வந்ததோ அங்கே கேள் என்றார்கள். பேருந்தில் போய், பேருந்தில் வந்து, இரண்டு ஜோடிச் செருப்புத் தேய்ந்தபின் அவள் விட்டுவிட்டாள். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் வீடு வேறு இடத்தில் இருந்தது, யாரையாவது கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வீடு ஆற்றுவாட்டில் சற்றுச் சாய்ந்தே போனதால், கீழே விழுந்த பொத்தான், வெங்காயம், நூல்கண்டு எல்லாம் ஒரே மூலைக்கு உருண்டன. கட்டிலின் இரண்டு கால்களை அறுத்து மட்டமாக்கினார்கள். மிஷினுக்கு அடியில் செங்கல் வைத்தார்கள். அந்தச் சாய்வு அவள் உடம்பிலும் ஏறிவிட்டது. சமதரையில் நடக்கும்போதும் ஒரு தோள் தாழ்ந்தே நடந்தாள்.

பிறகு ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். அதற்குக் காரணம் சட்டை. பம்புக்காரனின் வேலைச்சட்டைகள் இரண்டு வீட்டில் இருந்தன. மாமியார் அவற்றை வாராவாரம் துவைத்துக் கொடியில் காயப்போடுவார். வெளியே வந்தால் மாற்றிக்கொள்ள வேண்டாமா என்பார். முதுகில் நிறுவனத்தின் முத்திரை கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே இருந்த ஊர்க்காரர்கள் எவரும் அதுவரை நிறுவனத்து ஆள் யாரையும் கண்ணால் கண்டதில்லை. அவர்களுக்கு வந்துசேர்ந்தது சேறு மட்டும்தான். முதல் நாள் மீன்கள் கூட்டங்கூட்டமாகக் கரைக்கு வந்து வாயைப் பிளந்தன. மறுநாள் நாற்றம். பிறகு தண்ணீர் செங்கல் கரைத்த நிறத்துக்கு வந்து அப்படியே நின்றுவிட்டது. குழந்தைகளுக்குத் தோலில் சொறி, மாடு குடித்தால் வயிற்றுப்போக்கு, கத்திரிச்செடி காய்க்கும் ஆனால் காய் உள்ளே கறுத்திருக்கும். இதையெல்லாம் யாரிடம் சொல்வதென்று தெரியாமல் இருந்தவர்களுக்கு, நிறுவனத்தின் சட்டை கொடியில் ஆட, ஒரு வீடு மேலேயிருந்து மெதுவாக நகர்ந்து வருவது தெரிந்தது. கடைசியில் ஆபீஸையே அனுப்பிவிட்டார்கள் என்று பேச்சு பரவியது. குளித்து, தலை சீவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, பாட்டிலில் ஆற்றுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு கரையில் காத்திருந்தார்கள்.

நாங்களும் அடிபட்டவர்கள்தான் என்று தையல்காரி முதல் ஊரில் தொண்டை வலிக்கச் சொன்னாள். இரண்டாவது ஊரிலும் சொன்னாள். மூன்றாவது ஊரில் ஒரு கிழவர், பரவாயில்லை அம்மா, கேட்டால் போதும் என்றார். அதன்பின் அவள் விளக்கம் சொல்வதை விட்டுவிட்டாள். "சொல்லுங்க" என்பாள். மிஷினை மிதித்துக்கொண்டே கேட்பாள். அவர்கள் வாசற்படியில் உட்கார்ந்து, வலையை, மாட்டை, கிணற்றை, பிள்ளையின் முழங்கையைப் பற்றிச் சொல்வார்கள். சொல்லி முடித்தபின் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, கிழிந்த துணி ஏதாவது இருந்தால் தைத்து வாங்கிக்கொண்டு போவார்கள். அலமாரித் தட்டெல்லாம் பாட்டில். சாயங்கால வெயில் பட்டால் அடுக்களை முழுக்கக் காவி நிறமாக இருக்கும். அவள் யாருக்கும் எதுவும் செய்துதரவில்லை, செய்துதருவதாகச் சொல்லவும் இல்லை. ஆனால் ராத்திரி பாயில் சாய்ந்தால், பகல் முழுக்க யாரோ தன்மேல் ஏறி மிதித்ததுபோல இருந்தது.

விஷயம் நிறுவனத்தின் காதுக்கும் போனது. ரப்பர் காலணி போட்ட ஓர் இளைஞர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். சட்டையை வீட்டுக்குள்ளே காயப்போட முடியுமா, முத்திரையைப் பார்த்து ஜனங்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றார். மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சட்டைக்காரன் வந்து சொல்லட்டும். எடுத்துடறேன்."

இளைஞர் தண்ணீர் கேட்டார். அலமாரியைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். அணை உடைந்ததற்காக நிறுவனத்தின்மேல் வழக்கு நடந்த நீதிமன்றமும் அந்த வீட்டை ஒரு சாட்சியம் என்று ஏற்று, நேரில் பார்த்து வரும்படி ஒரு குழுவுக்கு உத்தரவிட்டது. குழு வந்து சேர்வதற்குள் வீடு அடுத்த மாவட்டத்துக்குள் போய்விட்டது. அங்கே போய்ப் பார்க்கப் புது உத்தரவு வேண்டும். புது உத்தரவு வருவதற்குள் அதற்கும் அடுத்த மாவட்டம். நாளுக்கு ஒரு முழம் நகரும் வீட்டை நீதியால் எட்டிப்பிடிக்க முடியவில்லை. வழக்கறிஞர்களில் இருவர் அதற்குள் நீதிபதிகளாகிவிட்டார்கள்.

உண்மையில் தையல்காரிக்கும் இருமல் கேட்டது. அந்த முதல் வாரத்திலேயே, மாமியார் சொல்வதற்கு ஒரு நாள் முன்பே கேட்டது. காறிக் காறி, நடுவில் ஒரு நிறுத்தம் விட்டு, பிறகு சின்னதாக இரண்டு. வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது. கேட்கவில்லை என்று சொன்னது ஏன் என்று அவளுக்கு அப்போது தெரியாது, பிறகு தெரிந்தது. கேட்கிறது என்று ஒருமுறை வாயைத் திறந்துவிட்டால், அந்த வீட்டை விட்டு இறங்க முடியாது. கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை, என்றாவது ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப்போகலாம். அதனால் இருமல் வரும் நேரத்தில் மிஷினை வேகமாக மிதித்தாள். தைக்கத் துணி இல்லாத நாட்களில் வெறும் மிஷினை ஓட்டினாள். நூலை மிச்சம் பிடிக்கத் தெரியவில்லை, எண்ணெயை மிச்சம் பிடிக்கத் தெரியவில்லை என்று மாமியார் முணுமுணுப்பார். இருவருக்கும் எப்போதுமே ஒத்துப்போனதில்லை. நடுவில் இருந்தவன் தரைக்குக் கீழே போனபின், பஞ்சாயத்துக்கும் ஆளில்லாமல், ஒரே அறையில், ஒரே சாய்வில், வருஷக்கணக்காக ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

ஆறு அகலமாகிற இடத்தில் ஒரு துறை இருந்தது. அங்கே படகு விட்டுக்கொண்டிருந்தவனுக்குச் சேறு வந்தபின் வேலை போய்விட்டது. ஜனங்கள் பலகை போட்டு நடந்தே அக்கரைக்குப் போனார்கள். வீடு வருவதைப் பார்த்த படகுக்காரன் மற்றவர்களைப்போல முறையிட வரவில்லை. அவன் பார்த்தது இரண்டு பெண்கள் நிற்க முடியாமல் போய்க்கொண்டிருப்பதை. படகுத்துறையின் இரும்புக் கயிற்றைக் கொண்டுவந்து வீட்டைச் சுற்றிக் கட்டி, கரையிலிருந்த பெரிய மரத்தில் பிணைத்தான். வீடு சில நாள் நின்றது. அந்த நாட்களில் மாமியார் சாப்பிடவில்லை. கீழே அவனுக்கு மூச்சு முட்டுகிறது, அவிழ்த்துவிடச் சொல் என்று மருமகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். தையல்காரிக்கும் அந்த மூச்சு கேட்டது. அவிழ்ப்பதா வேண்டாமா என்று அவள் கையைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே மரம் வேரோடு சாய்ந்து வீட்டின் பின்னால் இழுபட்டுக்கொண்டு வந்தது. படகுக்காரன் கோடாலியால் கயிற்றை வெட்டிவிட்டான். அதன்பின் அவனும் கரையோரமாகக் கூடவே நடந்துவந்தான். வேறு வேலையும் இல்லை. குடிதண்ணீர்க் குடங்களைத் தோளில் சுமந்து சேற்றில் பலகை போட்டுக் கொண்டுவந்து வைப்பான். வாசற்படிக்குமேல் கால் வைக்கமாட்டான். மாமியார் அவனோடு நேராகப் பேசமாட்டார். குடம் அழுக்காக இருக்கிறது என்று சுவரிடம் சொல்வார், அவன் அடுத்தநாள் தேய்த்துக் கொண்டுவருவான். ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் அப்படிப் போனபின், ஒருநாள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு நின்றான்.

"முகத்துவாரத்துல என் அக்கா இருக்கா. துறைமுகத் தெருவுல ஒரு அறை காலியா இருக்கு. நீங்க மிஷின் போடலாம்." கொஞ்சம் நிறுத்தி, "கடல் வர்றதுக்குள்ள இறங்கிடுங்க. எனக்காகச் சொல்லலை. எனக்காகவும்தான்" என்றான்.

அவள் குடத்தை உள்ளே எடுத்துவைத்தாள். ஆனால் அன்றைக்கு மிஷினில் உட்கார்ந்தவள் வெகுநேரம் கால் வைக்காமலே இருந்தாள்.

கடைசி வருஷம் வீடு வேகம் கூட்டியது. உப்பு வாடை வந்தது. கரையில் சதுப்பு மரங்கள் இலையில்லாமல், வேர்களில் காவிப் படலத்தோடு நின்றன. முகத்துவாரத்து மீன்காரிகள் சேர்ந்து வந்து, நண்டுக்கு ஓடு கட்டவில்லை, கையில் எடுத்தால் வேகவைத்ததுபோல நசுங்குகிறது என்று சொன்னார்கள். அவர்களில் ஒருத்தி, நீங்கள் இத்தனை வருஷம் எல்லார் பேச்சையும் கேட்டுக்கொண்டே வந்தீர்களாமே, உங்களுக்கு அலுக்கவில்லையா என்று கேட்டாள். தையல்காரியிடம் அதுவரை அப்படி யாரும் கேட்டதில்லை. அவள் தைத்துக்கொண்டிருந்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மீன்காரி பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முடிக்கும்வரை ஊசியைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அலை சத்தம் வீட்டுக்குள் கேட்க ஆரம்பித்த நாளில், சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவியபின், தையல்காரி மாமியாருக்கு எதிரில் போய் உட்கார்ந்தாள். மாமியார் வழக்கம்போலத் தரையில் காது வைத்துப் படுத்திருந்தார்.

"எனக்கும் கேக்குது அத்தை. முதல்லேருந்தே கேக்குது."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"தூக்கத்துல அவனுக்குப் பதில் சொல்லுவே. மருந்து குடிச்சியா, மருந்து குடிச்சியான்னு." மாமியார் எழுந்து உட்காரவில்லை. "நீயா சொல்லுவேன்னு பாத்தேன். கல்லு மாதிரி இருந்தே."

"சொன்னா இறங்க முடியாதுன்னு இருந்தேன்."

"இப்ப சொல்லிட்டியே."

"சொல்லிட்டேன். ஆனாலும் இறங்கறேன். நீங்களும் வாங்க. படகுக்காரரோட அக்கா வீட்டுல இடம் இருக்காம்."

கீழே இருமல் வந்தது. நடுவில் நிறுத்தம் விட்டு, பிறகு சின்னதாக இரண்டு. இருவரும் அதை முதல்முறையாகச் சேர்ந்து கேட்டார்கள். யாரும் மிஷினை மிதிக்கவில்லை.

"அவனைத் தனியா விட்டுட்டு நான் எங்கே வர்றது? நீ பெண்டாட்டி. உனக்கு இன்னொரு வாழ்க்கை உண்டு. எனக்கு இன்னொரு பிள்ளை உண்டா?" என்றார். அதில் குத்தல் இல்லை, கணக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார். பிறகு முகத்தைச் சுளித்தார். "அந்த மிஷினையும் தூக்கிட்டுப் போ. அது போடுற சத்தத்துல இத்தனை வருஷமா எனக்குப் பிள்ளை சொல்றது பாதிதான் கேக்குது."

மறுநாள் காலையில் படகுக்காரன் முதன்முறையாக வாசற்படிக்கு மேலே கால் வைத்து, மிஷினைத் தோளில் தூக்கிக்கொண்டான். தையல்காரி துணிப்பையும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டாள். பாட்டில்களை என்ன செய்வது என்று கேட்டாள். இருக்கட்டும், சொல்ல வேண்டியவர்களைக் கண்டால் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார் மாமியார். சேற்றின்மேல் போட்ட பலகையில் நடந்து கரையேறியதும் அவள் திரும்பிப் பார்த்தாள். மாமியார் கொடியில் சட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தார். கையசைக்கவில்லை. வாயில் துணிக்கவ்வி இருந்தது.

வீடு கடலுக்குள் போனது. மூழ்கவில்லை. முகத்துவாரத்தில் சேறு விசிறிபோலப் பரவி நீல நிறத்தைத் தின்றுகொண்டே போக, அதன் நுனியில் வீடு போய்க்கொண்டிருந்தது. மின்கம்பியை அதற்குமேல் நீட்ட முடியாது என்று கடைசி லைன்மேன் வருத்தப்பட்டுச் சொன்னார். அதனால் மாமியார் மண்ணெண்ணெய் விளக்குக்கு மாறிக்கொண்டார். மீனவர்கள் முதலில் ஒதுங்கிப் போனார்கள். பிறகு திரும்பிவரும்போது விளக்கைக் குறியாக வைத்துப் பழகினார்கள். வீட்டின் நிழலில் சின்ன மீன்கள் ஒதுங்குவதாகத் தெரிந்ததும் அதன் பக்கத்திலேயே வலை போட்டார்கள். கடற்படையின் படகு ஒன்று அவரை ஏற்றிவரப் போய், நல்ல வார்த்தையாக எவ்வளவோ சொல்லிப் பார்த்து, கடைசியில் ஒரு மூட்டை அரிசியை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பியது. நீதிமன்றக் குழுவினருக்கு இப்போது எந்த மாவட்டமும் இல்லாத இடத்தில் உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. அது நிலுவையில் இருக்கிறது.

துறைமுகத் தெருவில் தையல்காரியின் கடை நன்றாகவே ஓடியது. பள்ளிச் சீருடை, மிதவைச் சட்டைக்கு வார், படகுக்குத் தார்ப்பாய் எல்லாம் தைத்தாள். படகுக்காரன் கடல் தொழிலைக் கற்றுக்கொண்டான். அக்கா வீட்டு மாடியில் இருவரும் ஒன்றாக இருக்க ஆரம்பித்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. முகத்துவாரத்து நண்டுக்கு இன்னமும் ஓடு கட்டவில்லை. மேலே மலையில் இன்னொரு குளம் வெட்டுகிறார்கள் என்று பேருந்தில் வந்தவர்கள் சொன்னார்கள். இந்த முறை சங்கை உயரமான இடத்தில் வைக்கப்போகிறார்களாம். அவள் கேட்டுக்கொண்டாள். ராத்திரிகளில் தூக்கம் வந்தது. முதல் சில மாதம் அவளுக்கே அது தப்பாகத் தோன்றியது, பிறகு தோன்றவில்லை.

அரிசியும் மண்ணெண்ணெயும் மாதாமாதம் படகுக்காரனே கொண்டுபோனான். அவள் கூடப் போனதில்லை. திரும்பி வந்ததும் ஒன்றே ஒன்றைத்தான் கேட்பாள்.

"திட்டினாங்களா?"

"திட்டினாங்க. அரிசியில கல்லுன்னாங்க."

அப்படியானால் சரி என்று துணியை ஊசிக்குக் கீழே தள்ளுவாள்.

கடையில் ஒரு பழைய வானொலி இருந்தது. விடிந்ததும் கடலுக்குப் போகிறவர்களுக்காக அதில் அறிக்கை வாசிப்பார்கள். எந்த வருஷத்திலிருந்து வீட்டையும் சேர்த்து வாசிக்க ஆரம்பித்தார்கள் என்று கேட்டால் துறைமுகத்தில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. எப்போதும் அப்படித்தானே என்பார்கள். காற்று தென்கிழக்கிலிருந்து, மிதமாக. அலை இடுப்பளவு. வீடு கலங்கரை விளக்கத்துக்குக் கிழக்கே, புகைபோக்கியில் புகை தெரிகிறது. மதியத்துக்குமேல் லேசான மழைக்கு வாய்ப்பு உண்டு.